உள்ளே தாழ்ப்பாள், வெளியே வழி

வாசற்கதவுப் பூட்டு திருடனைத் தடுப்பதற்கு. குளியலறைக் கதவின் பூட்டுக்கு அந்த வேலையே கிடையாது. உள்ளே ஆள் இருக்கும்போது தெரியாமல் யாரும் திறந்துவிடக் கூடாது. அதனிடம் நாம் கேட்பது அவ்வளவுதான். எனவே எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது. உள்ளே இருப்பவருக்கு மயக்கம் வந்துவிட்டால், மூன்று வயதுக் குழந்தை தாழ் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுதால், வெளியே நிற்பவர் கதவை உடைக்காமல் திறக்க முடிய வேண்டும். குளியலறைப் பூட்டு வாங்குவதில் முதல் கேள்வியும் முக்கியமான கேள்வியும் இதுதான். நிறம், வடிவம், விலை எல்லாம் அப்புறம்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நம் வீடுகளில் ஏராளமான குளியலறைக் கதவுகள் தேறாது. காரணம், உள்பக்கம் இருக்கும் டவர் போல்ட். ஆறு அங்குலமோ எட்டு அங்குலமோ நீளமுள்ள அலுமினியத் தாழ்ப்பாள். விலை குறைவு, கால் மணி நேரத்தில் மாட்டிவிடலாம், பழுதாக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் வீடு கட்டும்போது கடைசிக் கட்டத்தில், கையில் பணம் தீர்ந்திருக்கும் நேரத்தில், தச்சர் கேட்காமலே இதை வாங்கிவரச் சொல்கிறார். ஆனால் உள்ளே போட்ட டவர் போல்ட்டை வெளியிலிருந்து திறக்க எந்த ஏற்பாடும் கிடையாது.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் வழக்கமாக என்ன நடக்கிறது? முதலில் கதவைத் தட்டுகிறார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. ஒருவர் பின்பக்கம் ஓடி, ஸ்டூல் போட்டு ஏறி, வென்டிலேட்டர் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவுகிறார். அந்தச் சந்து வழியே ஒட்டடைக் கம்பை விட்டுத் தாழ்ப்பாளை நெம்பப் பார்க்கிறார்கள். அது சரிவராவிட்டால் தோளால் இடிக்கிறார்கள். நம் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் உள்பக்கமாகத் திறப்பவை, இடம் குறுகியது. விழுந்தவரின் உடல் கதவை ஒட்டியே கிடக்கும். இடித்துத் திறக்கும் கதவு அவர் மேலேயே மோதும். உள்பக்கம் திறக்கும் கதவின் கீல்களும் உள்பக்கமே இருப்பதால், கீல் ஆணியைத் தட்டிக் கதவைக் கழற்றவும் முடியாது. நிமிடங்கள் முக்கியமான நேரத்தில் இத்தனை வேலை.

இது எங்கோ எப்போதோ நடப்பது அல்ல. மயக்கம் வருவதற்கு வீட்டில் மிகவும் வாய்ப்புள்ள இடங்களில் குளியலறையும் ஒன்று. வெந்நீரில் குளிக்கும்போது ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. நடு இரவில் படுக்கையிலிருந்து சட்டென எழுந்து சிறுநீர் கழிக்கப் போகும் முதியவருக்கு, நின்ற இடத்திலேயே தலை சுற்றலாம். மலச்சிக்கலால் முக்கும்போதும் அழுத்தம் ஏறி இறங்கும். ஈரத் தரையில் வழுக்கி விழுவது தனி. கேஸ் கீசர் உள்ள வீடுகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு: காற்றோட்டம் இல்லாத அறையில் அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. குளிப்பவர் சுதாரிக்கும் முன்பே நினைவிழந்துவிடுவார். அந்தக் கீசரைக் குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும் என்பதே சரி. அப்படி வைக்க முடியாத வீட்டில், வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாளாவது இருக்கக் கூடாது.

விமானத்தில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். கழிவறையின் கதவு மடிந்து திறக்கும். உள்ளே தாழ் போட்டால் வெளியே சிவப்பு தெரியும். கதவின் வெளிப்பக்கம் உள்ள சிறிய பெயர்த் தகட்டைத் தூக்கினால் அதன் அடியில் ஒரு தள்ளுபொத்தான் இருக்கும். பணிப்பெண் நினைத்தால் ஒரு விரலால் திறந்துவிடலாம். உள்ளே இருப்பவருக்கு மறைவு, வெளியே இருப்பவருக்கு வழி. வீட்டுக்கும் இதே தத்துவம்தான் வேண்டும். அதற்கான பொருள்கள் நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கின்றன. என்ன சொல்லிக் கேட்பது என்று தெரிய வேண்டும்.

முதல் வகை, உருண்டைக் கைப்பிடியோடு சேர்ந்த பூட்டு. கடையில் உருண்டை லாக், நாப் லாக், சிலிண்ட்ரிகல் லாக் என்று பல பெயர்களில் சொல்வார்கள். கதவில் ஒரு வட்டத் துளை போட்டு, இரு பக்கமும் உருண்டையை வைத்து முடுக்குவது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் வால்டர் ஷ்லேக் என்பவர் 1920களில் பொத்தான் அழுத்திப் பூட்டும் இந்த அமைப்பை உருவாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகம் முழுதும் விற்பவை அதன் வழி வந்தவையே. இதில் மூன்று ரகம் உண்டு. அட்டைப் பெட்டியின் ஓரத்தில் இ.டி. (ET), பி.கே. (BK), பி.எஸ். (PS) என்று ஆங்கில எழுத்துகளில் அச்சிட்டிருக்கும். இ.டி. என்றால் வெளியே சாவி, உள்ளே பொத்தான். வாசலுக்கும் அறைக்கும் ஆனது. பி.எஸ். என்றால் பூட்டே கிடையாது, வெறும் கைப்பிடி. குளியலறைக்கு வேண்டியது பி.கே.: உள்ளே பொத்தான், வெளியே சாவி இல்லாமல் நடுவில் ஒரு சிறு துளை அல்லது பிளவு.

அந்தத் துளைதான் விஷயமே. உள்ளே பொத்தானை அழுத்தினால் வெளி உருண்டை திரும்பாது. வெளியிலிருந்து அந்தத் துளையில் ஒரு மெல்லிய கம்பியை விட்டு அழுத்தினால் பொத்தான் விடுபடும், கதவு திறக்கும். பிளவு உள்ளதென்றால் நாணயமோ ஸ்க்ரூ டிரைவரோ போட்டுத் திருப்பினால் போதும். உள்ளே இருப்பவர் பொத்தானைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் உள் உருண்டையைத் திருப்பினாலே பூட்டு தானாக விடுபட்டுவிடும். சின்னக் குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டாலும் கைப்பிடியைத் திருகினால் வெளியே வந்துவிடும். டவர் போல்ட்டில் அது முடியாது. இறுகிப் போன போல்ட்டைக் குழந்தை விரல் அசைக்காது.

ஒரு குறை உண்டு. சில மாடல்களில், கதவு திறந்திருக்கும்போதே பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வந்து சாத்தினால், உள்ளே ஆளில்லாமலே கதவு பூட்டிக்கொள்ளும். விளையாட்டுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது அடிக்கடி நடக்கும். அப்போது வேண்டியது அந்த மெல்லிய கம்பி. பெட்டியிலேயே ஒன்று கொடுப்பார்கள். நாம் அதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிடுவோம். போடாதீர்கள். கதவு நிலையின் மேல் விளிம்பில், குழந்தைக்கு எட்டாமல் பெரியவர்களுக்கு எட்டும்படி, ஒரு டேப்பால் ஒட்டி வையுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு நிமிர்த்திய ஹேர்பின்னும் உதவும்.

இரண்டாவது வகை மார்ட்டிஸ் லாக். கதவின் பக்கவாட்டில் பள்ளம் வெட்டி, பூட்டின் உடலை உள்ளே இறக்கி, இரு பக்கமும் நீள் தகட்டுடன் கைப்பிடி மாட்டுவது. இப்போது புதிதாகக் கட்டும் அடுக்ககங்களில் இதுதான் பரவலாக இருக்கிறது. கைப்பிடியை அழுத்தினால் சாய்ந்த முனையுள்ள நாக்கு உள்ளே போகும். இது கதவைச் சாத்தி வைப்பதற்கு. அதன் கீழே தட்டையான இன்னொரு கட்டை, அதுதான் பூட்டு. அந்தக் கட்டையை நகர்த்தும் சிலிண்டரைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சிலிண்டர் மூன்று விதமாக வரும்: இரண்டு பக்கமும் சாவி; ஒரு பக்கம் சாவி, மறுபக்கம் நாப்; ஒரு பக்கம் நாப், மறுபக்கம் காயின், அதாவது நாணயத்தால் திருப்பும் பிளவு. குளியலறைக்கு மூன்றாவது மட்டும்தான். இரண்டு பக்கமும் சாவி உள்ளதைப் படுக்கையறைக்கு வாங்கும்போது, ஒரே மாதிரி இருக்கட்டும் என்று குளியலறைக்கும் அதையே வாங்கிவிடுவார்கள். உள்ளிருந்து பூட்டச் சாவி தேட வேண்டியிருப்பதால் ஆறு மாதத்தில் அலுத்துப்போய், கடைசியில் அதன் மேலேயே ஒரு டவர் போல்ட் அடிப்பார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்வதுதான் மிச்சம்.

பேபி லாட்ச் என்று ஒன்று இருக்கிறது. கைப்பிடி இல்லாத சிறிய மார்ட்டிஸ் போல்ட். உள்ளே ஒரு திருகு குமிழ் இருக்கும். ஏற்கெனவே நல்ல கைப்பிடி உள்ள கதவுக்கு இது போதும். வாங்கும்போது வெளிப்பக்கத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். வெறும் தகடாக வருவதும் உண்டு, காயின் பிளவோடு வருவதும் உண்டு. பிளவு உள்ளதையே கேளுங்கள்.

மூன்றாவது வகை, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு. கதவில் பெரிய துளையெல்லாம் போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். இவர்களுக்கு ஏற்றது, கதவின் உள்முகத்தில் திருகாணியால் மாட்டக்கூடிய இன்டிகேட்டர் போல்ட். அலுவலகங்களிலும் மால்களிலும் கழிவறைக் கதவில் பச்சை, சிவப்பு காட்டுமே, அதுதான். உள்ளே தள்ளினால் வெளியே சிவப்பு தெரியும். வெளிப்பக்க வட்டத்தின் நடுவில் நாணயம் போட்டுத் திருப்பும் பிளவு இருக்கும். இதற்கு விரல் நுழையும் அளவு ஒரு துளை போதும். வீட்டைக் காலி செய்யும்போது அடைத்துவிடலாம். முதியவர்கள் உள்ள வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். "அப்பா, நீங்க தாழ்ப்பாள் போடாதீங்க, சும்மா சாத்திட்டுப் போங்க" என்று பிள்ளைகள் சொல்வதை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் எழுபது வயதில் ஒருவர் தன் மறைவை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சிவப்பைப் பார்த்தால் யாரும் தள்ள மாட்டார்கள், தேவைப்பட்டால் ஒரு ரூபாய் நாணயத்தால் திறக்கலாம். மானமும் பாதுகாப்பும் ஒன்றாகவே கிடைக்கும்போது ஒன்றை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?

விரல்ரேகைப் பூட்டு, எண் பூட்டு இவையெல்லாம் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. குளியலறை ஈரத்துக்கும் நீராவிக்கும் அவை வேண்டாம்.

கைப்பிடிக்கு வருவோம். உருண்டை நல்லதா, நீளக் கைப்பிடி நல்லதா? சோப்பு நுரை படிந்த கையால் உருண்டையைத் திருப்பிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும். உருண்டையைத் திருப்ப விரல்கள் இறுகப் பற்ற வேண்டும், மணிக்கட்டு திரும்ப வேண்டும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இது வலி. கை நடுக்கம் உள்ளவர்களுக்கு இயலாது. நீளக் கைப்பிடியை முழங்கையாலும் அழுத்தலாம், புறங்கையாலும் அழுத்தலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே கனடாவின் வான்கூவர் நகரம் 2013-ல் தன் கட்டட விதியைத் திருத்தி, 2014 முதல் கட்டப்படும் புது வீடுகளில் உருண்டைக் கைப்பிடிக்குப் பதில் நீளக் கைப்பிடியே வேண்டும் என்று ஆக்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டு நெறிகளும் எளிதில் அழுத்தும் கைப்பிடியையும், கழிவறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறப்பதையோ நகர்ந்து திறப்பதையோ, அவசரத்தில் வெளியிலிருந்து திறக்க முடிவதையும் கேட்கின்றன. அவை பொதுக் கட்டடங்களை நினைத்து எழுதப்பட்டவை என்றாலும் முதுமை நம் வீட்டுக்கும் வரும்.

நீளக் கைப்பிடியிலும் பார்த்து எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. முனை நேராக வெட்டியதுபோல் நின்றால் புடவை முந்தானை, துப்பட்டா, சட்டைப் பை எல்லாம் அதில் மாட்டும். ஈரத் தரையில் அந்த இழுப்பே ஒருவரைத் தள்ளிவிடப் போதும். முனை கதவை நோக்கி வளைந்து திரும்பும் மாடலை எடுங்கள். அப்புறம், அதில் துண்டையும் ஈரத் துணியையும் தொங்கவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சுருள்வில் அந்தக் கனத்தால் தளர்ந்து, கைப்பிடி எப்போதும் தலை குனிந்தே நிற்கும். துண்டுக்குக் கதவின் மேல்பாதியில் தனியாக ஒரு கொக்கி அடித்துவிடுங்கள். கைப்பிடி தரையிலிருந்து சுமார் மூன்று அடி உயரத்தில் இருந்தால் குழந்தைக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும்.

இனி உலோகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குளியலறைப் பூட்டுகள் சாவது பெரும்பாலும் தேய்மானத்தால் அல்ல, துருவால்.

கடையில் "எஸ்.எஸ். சார், துருவே பிடிக்காது" என்பார்கள். எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்பது ஒரே உலோகம் அல்ல. கைப்பிடி, போல்ட் வகையறாவில் நம் சந்தையில் அதிகம் புழங்குபவை 202, 304 என்ற இரண்டு ரகங்கள். 304-ல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் சுமார் 8 சதவீதம். 202-ல் நிக்கலைப் பாதியாகக் குறைத்து அந்த இடத்தில் மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். நிக்கல் விலை அதிகம். அதனால்தான் 202 மலிவு. புதிதில் இரண்டும் ஒரே பளபளப்பு. வித்தியாசம் ஈரத்தில் தெரியும். 202-ல் முதலில் பழுப்புப் புள்ளி விழும். கடற்கரையை ஒட்டிய வீடுகளுக்கு 316 என்று இன்னொரு ரகம் உண்டு. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இதை நம்பி ஏமாறாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. ஆகவே இந்தச் சோதனை அந்த இரண்டையும் பிரித்துக் காட்டவே காட்டாது. பழைய இரும்பு வாங்குபவர்கள் ஒரு சொட்டுத் திரவத்தையும் சிறிய பேட்டரியையும் வைத்து ரகம் பார்ப்பார்கள். நமக்கு எளிய வழி, பொருளின் மேலோ பெட்டியிலோ 304 என்று பொறித்திருப்பதை வாங்கி, பில்லிலும் அந்த எண்ணை எழுதச் சொல்வது. எழுதத் தயங்கும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

மார்ட்டிஸ் கைப்பிடிகளில் பல, எஸ்.எஸ். போலத் தோன்றினாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அந்தக் கனத்தைத் தரமென்று நினைத்துவிடுவோம். உலர்ந்த படுக்கையறைக்கு இவை சரியே. குளியலறையில் பூச்சு ஓரிடத்தில் கீறினால் போதும், அதன் அடியில் கொப்புளம் கிளம்பித் தோல் உரியும். உரிந்த விளிம்பு கையைக் கிழிக்கும். பித்தளை விலை கூட, ஆனால் ஈரத்தில் பல ஆண்டு நிற்கும். தாமிரம் கலந்த உலோகங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு: அவற்றின் மேல் கிருமிகள் நீடித்து வாழாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-ல் தாமிரக் கலவைகளைக் கிருமியைக் குறைக்கும் பரப்புகளாகப் பதிவு செய்தது. எல்லோர் கையும் படும் கழிவறைக் கைப்பிடிக்கு இது வீண் செலவல்ல. ஆனால் மேலே வார்னிஷோ பூச்சோ இருந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

எந்த உலோகத்தையும் கெடுப்பது தண்ணீரைவிட ஆசிட். தரை, டாய்லெட் கழுவும் ஆசிட்டும், பெரும்பாலான டாய்லெட் கிளீனர்களும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்தவை. மூடி சரியாக இறுகாத ஆசிட் பாட்டிலைக் குளியலறை மூலையிலேயே வைத்திருப்போம். அதிலிருந்து கிளம்பும் ஆவி மூடிய அறைக்குள் சுற்றிச் சுற்றி, 304-ஐயும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரும் அப்படியே. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். பாட்டிலை வெளியே வையுங்கள். கழுவி முடித்ததும் கைப்பிடியையும் போல்ட்டையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றிவிடுங்கள். துரு விழுந்த இடத்தை இரும்பு நாரால் தேய்க்கக் கூடாது; நாரின் துகள் அங்கேயே தங்கி மறுபடி துருவாகும்.

ஒரு பழைய குளியலறைக் கதவைக் கிட்டே போய்ப் பாருங்கள். பழுப்புக் கோடு ஒன்று பெயின்ட் மேல் கண்ணீர் வடிந்ததுபோல் இறங்கியிருக்கும். அது எங்கே தொடங்குகிறது என்று மேலே பார்த்தால் கைப்பிடியாக இருக்காது, திருகாணியாக இருக்கும். நல்ல எஸ்.எஸ். கைப்பிடி வாங்கிக் கொடுத்திருப்போம். தச்சர் தன் பையிலிருந்த சாதாரண இரும்பு ஸ்க்ரூவை முடுக்கியிருப்பார். ஈரத்தில் இரும்பும் எஸ்.எஸ்ஸும் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கும். ஸ்க்ரூவின் தலை கரைந்து போனபின் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது. கதவைப் பெயர்த்தால்தான் கழற்ற முடியும். கைப்பிடியோடு சேர்த்து எஸ்.எஸ். ஸ்க்ரூவையும் நீங்களே எண்ணி வாங்கிக் கொடுங்கள். இதில் ஆகும் கூடுதல் செலவு ஒரு காபி விலைக்கு மேல் போகாது.

பூட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் கதவைப் பாருங்கள். உருண்டை லாக்குக்குக் கதவின் முகத்தில் 54 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை வேண்டும். கதவு விளிம்பிலிருந்து அந்தத் துளையின் நடு 60 அல்லது 70 மில்லிமீட்டரில் அமையும். கதவின் தடிமன் 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பல மாடல்கள் ஆடும். நம் குளியலறைகளில் பரவலாக இருக்கும் பி.வி.சி. கதவுகள் அதைவிட மெல்லியவை, உள்ளே வெற்றிடமும் உண்டு. இவற்றில் உருண்டை லாக்கும் சரியாக உட்காராது, மார்ட்டிஸும் உட்காராது. ஸ்க்ரூவும் கொஞ்ச நாளில் பிடி விட்டுவிடும். இத்தகைய கதவுக்கு இன்டிகேட்டர் போல்ட்டே பொருத்தம். அதையும் ஸ்க்ரூவால் அல்லாமல், கதவின் குறுக்கே ஊடுருவிப் போகும் சிறிய போல்ட், நட்டால் மாட்டச் சொல்லுங்கள். புதிதாக பி.வி.சி. கதவு செய்யக் கொடுப்பவர்கள், பூட்டு வரும் இடத்தில் உள்ளே ஒரு கட்டையை வைத்து அடைக்கச் சொல்லிவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

ஃப்ளஷ் டோர் என்றால் மார்ட்டிஸ் மாட்டலாம். ஆனால் 30 மில்லிமீட்டர் கதவில் பூட்டின் உடலுக்குப் பள்ளம் வெட்டியபின் இரு பக்கமும் மிஞ்சும் மரம் மிக மெல்லியது. அங்கே ஈரம் இறங்கினால் ஒட்டுப்பலகை உப்பி, பூட்டையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பள்ளம் வெட்டிய உடனே, பூட்டை இறக்கும் முன், அந்தப் பச்சை மரத்தின் மேல் பிரைமரோ வார்னிஷோ இரண்டு கை பூசச் சொல்லுங்கள். கதவின் அடிவிளிம்பும் மேல்விளிம்பும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் பெயின்டர்கள் விட்டுவிடுவார்கள், தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். மாற்று மார்ட்டிஸ் வாங்கும்போது பழைய கைப்பிடித் தகட்டில் கைப்பிடியின் நடுவுக்கும் சிலிண்டரின் நடுவுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துகொண்டு போங்கள். 85 என்றால் 85. அது பொருந்தாவிட்டால் புதுக் கைப்பிடி பழைய பூட்டில் உட்காராது. பழையதையே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போவது இன்னும் நல்லது.

கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதில் நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. உள்பக்கம் திறந்தால் கதவில் வடியும் தண்ணீர் அறைக்குள்ளேயே விழும், நடைபாதையில் வருபவர் மேல் கதவு இடிக்காது. இரண்டும் உண்மையான சௌகரியங்கள். ஆனாலும் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், முதியவர்கள் புழங்கும் ஒரு குளியலறையிலாவது கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி வையுங்கள். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தாலும் திறக்கலாம். இடம் இல்லையென்றால் நகரும் கதவு. நிலையை நட்ட பிறகு இதை மாற்றுவது பெரிய வேலை. இன்ஜினியர் வரைபடம் காட்டும் அன்றே சொல்லிவிட வேண்டும்.

வெளிப்பக்கத் தாழ்ப்பாள் பற்றியும் சொல்லியாக வேண்டும். கதவு காற்றில் அடிக்காமல் இருக்கவும், பூனையும் எலியும் நுழையாமல் இருக்கவும் பல வீடுகளில் வெளியேயும் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் அதைப் போட்டுவிட்டு வெளியூர் கிளம்பிவிட்டால்? தனியாக இருக்கும் முதியவரின் நிலை என்ன? அதே சமயம், தவழும் குழந்தையும் தத்தி நடக்கும் குழந்தையும் உள்ள வீட்டில் வெளித்தாழ்ப்பாள் அவசியம். வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலே, தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழுந்துகொள்ள முடியாது. இரண்டையும் சமாளிக்க, வெளித்தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில், ஐந்து அடிக்கு மேல் வையுங்கள். குழந்தை வளர்ந்தபின் அதைக் கழற்றிவிட்டு ஒரு காந்தப் பிடிப்பான் மாட்டினால் கதவு சும்மாவே சாத்தி நிற்கும்.

மழைக்காலத்தில் நாக்கு நிலையில் உள்ள துளைக்குள் போகாமல் முட்டினால், பூட்டைக் குறை சொல்லாதீர்கள். மரம் உப்பியிருக்கும், அல்லது கீல் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். முதலில் மேல் கீலின் ஸ்க்ரூக்களை முடுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நாக்கின் முனையில் கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவிக் கதவைச் சாத்துங்கள். நிலையின் தகட்டில் எங்கே சிவப்பு படுகிறதோ அந்த விளிம்பை அரத்தால் ராவினால் போதும். முக்கால்வாசிப் பேர் இதற்காகப் பூட்டையே மாற்றுகிறார்கள். பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். முதல் நாள் சுகமாக ஓடும். பிறகு தூசியைச் சேர்த்துப் பிசினாகிவிடும். கீலுக்கும் போல்ட்டுக்கும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. சாவித் துளைக்கு பென்சில் கரித்தூள்.

கடையில் போய் "பாத்ரூமுக்கு ஒரு லாக் கொடுங்க" என்றால் கையில் எது அகப்படுகிறதோ அதைத்தான் எடுத்து வைப்பார்கள். "உள்ளே நாப், வெளியே காயின் வெச்சது, 304-ல வேணும். ஸ்க்ரூவும் எஸ்.எஸ்.லயே கொடுங்க" என்று கேளுங்கள். உருண்டை லாக் என்றால் பெட்டியில் பி.கே. இருக்கிறதா பாருங்கள். தச்சர் மாட்டி முடித்ததும் கூலி கொடுக்கும் முன், வீட்டில் ஒருவரை உள்ளே அனுப்பிப் பூட்டச் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் நீங்களே திறந்து பாருங்கள். இப்போது வீட்டில் இருக்கும் கதவையும் இன்றைக்கே இதேபோல் ஒருமுறை சோதித்துவிடுங்கள். திறக்க வழி இல்லையென்றால், முதியவரோ குழந்தையோ உள்ள வீட்டில் அந்தத் தாழ்ப்பாளை இந்த வாரமே மாற்றுங்கள்.